மூன்று முறை படித்தும் கண்ணில் படாத தலைப்பு: கவனம் இல்லாத இடத்தில் உணர்வு உண்டா?

சைதாப்பேட்டை மெய்ப்பர்:
எழும்பூர் பக்கம் ஒரு சின்னப் பதிப்பகத்துக்கு 19 வருடமாகப் புரூப் பார்க்கிறேன். போன மாதம் ஒரு நாவல் அச்சாகி வந்தது. நாலாம் அத்தியாயத் தலைப்பு ‘மழைக்காலம்’ என்று இருக்க வேண்டும். ‘மழைக்கலம்’ என்று வந்திருக்கிறது, துணைக்காலைக் காணோம். அந்தப் பக்கத்தை 3 முறை படித்தவள் நான். அதே பக்கத்தில் ‘எழுதி கொடுத்தாள்’ என்பதில் விட்டுப்போன ‘க்’கைச் சிவப்பு மையில் போட்டிருக்கிறேன். தலைப்போ கொட்டை எழுத்தில் இருக்கிறது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ரயிலிலும் இப்படித்தான். புரூப்பில் மூழ்கிவிட்டால் மாம்பலமும் கோடம்பாக்கமும் வந்து போனதே தெரியாது. ஆனால் ‘எழும்பூர்’ என்ற அறிவிப்பு மட்டும் சுருக்கென்று காதில் விழுகிறது. அதுவரை வந்த சத்தமெல்லாம் எங்கே போனது? உளவியலில் இதற்கு என்ன சொல்கிறார்கள்? அந்தத் தலைப்பை நான் பார்க்கவே இல்லையா, பார்த்து மறந்தேனா?

உளவியல் வாத்தியார்:
முதலில் ரயில். 1953-ல் காலின் செர்ரி என்ற ஆய்வாளர் இரண்டு காதிலும் வேறு வேறு பேச்சை ஒலிக்கவிட்டு, ஒன்றை மட்டும் திருப்பிச் சொல்லச் சொன்னார். மற்ற காதில் ஆங்கிலம் ஜெர்மனாக மாறியதைக்கூடப் பலர் கவனிக்கவில்லை. கவனிக்காத பேச்சை வாசலிலேயே நிறுத்த ஒரு வடிகட்டி இருக்கிறது என்றார் உளவியலாளர் பிராட்பென்ட், 1958-ல். மறு வருடமே மோரே, கவனிக்காத காதில் அவரவர் பெயரைச் சொல்லவிட்டார். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது கேட்டுவிட்டது! வாசல் அடைபட்டிருந்தால் எப்படிக் கேட்கும்? அதனால் ஆன் டிரீஸ்மன் திருத்தினார்: கவனிக்காதது அறுந்துபோவதில்லை, ஒலி குறைந்து உள்ளே வருகிறது. பெயர் மாதிரி முக்கியமான சொல்லுக்கு அந்த மெல்லிய ஒலியே போதும். உங்களுக்கு ‘எழும்பூர்’ அப்படிப்பட்ட சொல்.

ஸ்கேன் அறையிலிருந்து:
அக்கா, மனசை விடாதீங்க. 2013-ல் வெளியான ஆய்வு ஒன்றில், நுரையீரல் சி.டி. படத்தில் ஒரு கொரில்லா உருவத்தை ஒட்டி, 24 கதிரியக்க மருத்துவர்களிடம் கட்டி தேடச் சொன்னார்கள். 20 பேர் கொரில்லாவைப் பார்க்கவில்லை. அது சராசரிக் கட்டியைவிட 48 மடங்கு பெரியது. கண் போன தடத்தை அளந்தபோது, தவறவிட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் பார்வை நேராக அதன் மேலேயே விழுந்திருந்தது! நீங்கள் ஒற்றைத் தேடினீர்கள், ஒற்று கிடைத்தது. நானும் தினம் படம் பார்க்கிறவன். இதைப் படித்த நாளிலிருந்து தேடிய இடத்தைத் தாண்டி இன்னொரு முறை பார்க்காமல் எந்தப் படத்தையும் மூடுவதில்லை.

அடையாறு வாசகி:
பார்க்கவில்லையா, மறந்தீர்களா என்பதில்தான் சண்டையே. கவனம் இல்லாமல் உணர்வே, அதாவது ஒன்று நமக்குத் தெரிகிறது என்ற விழிப்பே, கிடையாது என்பது உளவியலாளர்கள் மேக், ராக் இருவரின் கட்சி (1998). ஒரு கணம் உணர்ந்து உடனே மறக்கிறோம் என்கிறார் ஜெரமி வுல்ஃப். கவனமும் உணர்வும் வேறு வேறு வேலைகள் என்று 2007-ல் கோக்கும் சுச்சியாவும் எழுதினார்கள். எனக்கு அதுவே சரியென்று படுகிறது. காரணம், 1999-ல் கென்ட்ரிட்ஜ் குழு சோதித்த ஒருவர். மூளையில் அடிபட்டதால் பார்வைப் புலத்தின் ஒரு பகுதி அவருக்குத் தெரியாது. அந்தப் பகுதியில் ஒரு குறி காட்டினால், எதுவும் தெரியவில்லை என்பார். ஆனாலும் குறி காட்டிய இடத்தில் அடுத்துத் தோன்றும் உருவத்துக்கு வேகமாகப் பதில் தருவார். கவனம் போயிருக்கிறது, உணர்வு வரவில்லை. உங்கள் கண் அந்தத் தலைப்பில் நின்றிருக்கலாம் அக்கா. அதனாலேயே நீங்கள் அதைப் பார்த்ததாக ஆகிவிடாது.

சைதாப்பேட்டை மெய்ப்பர்:
எல்லோருக்கும் நன்றி. ஸ்கேன் அறைத் தம்பி சொன்னதை வைத்து ஒன்று செய்தேன். உடல் பகுதியை வெள்ளைத்தாளால் மூடிவிட்டு, தலைப்புகளை மட்டும் தனியாக ஒரு சுற்று பார்த்தேன். புதுப் புத்தகம், 14 அத்தியாயம். ஒன்பதாவதில் ‘ஆற்றங்கறை’ என்று இருந்தது. அந்தப் பக்கத்தையும் நான் ஏற்கெனவே 2 முறை படித்திருந்தேன்.