கலைச்சொல்: ‘லம்ப் சார்க்கோல்’ – கட்டிக்கரியா, கட்டைக்கரியா?

மடல் 1

அன்பர்களே,

அமெரிக்கப் பார்பெக்யூ சமையல் கையேடு ஒன்றின் தமிழாக்கத்துக்கு ‘லம்ப் சார்க்கோல்’ (தூளாக்காமல் துண்டு துண்டாகவே விற்கும் மரக்கரி) என்பதற்குச் சொல் வேண்டும். ‘பிரிக்கெட்’டுக்கு அச்சுக்கரி என்று முடிவாகிவிட்டது, கரித்தூளை மாவுப்பசை கலந்து அச்சில் அழுத்திச் செய்வதால் பொருத்தமாக இருக்கிறது. ‘லம்ப்’புக்கு வரைவில் ‘கட்டிக்கரி’ என்றிருக்கிறது. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

மடல் 2

ஐயா, ‘கட்டிக்கரி’ வேண்டாம். தளர்ந்ததோ தூளானதோ இறுகித் திரண்டால்தான் தமிழில் கட்டி. மாவு கட்டி தட்டுகிறது, பாகு இறுகி வெல்லக்கட்டி ஆகிறது. அப்படிப் பார்த்தால் அச்சுக்கரியைத்தான் கட்டி என்று சொல்ல வேண்டும். கையேட்டைப் படிப்பவர் கடைக்குப் போய் நேரெதிரான மூட்டையைத் தூக்கி வருவார்.

‘லம்ப்’ எந்த நிலையிலும் தூளாகாதது. காற்றை மட்டுப்படுத்திச் சுட்ட விறகு, விறகின் வடிவத்திலேயே நிற்கிறது. உடைத்துப் பார்த்தால் வளையமும் கணுவும் தெரியும். ஆகவே கட்டைக்கரி என்பேன். 1920களில் ஃபோர்டு கார் ஆலையின் மரக்கழிவைக் கொண்டு மிச்சிகனில் அச்சுக்கரி பெருமளவில் செய்யப்பட்டது. அது பரவிய பின்தான் பழைய கரிக்கு ஓர் அடைமொழி தேவைப்பட்டது. அந்த அடைமொழி மரத்தைக் காட்டினால் நல்லது.

மடல் 3

> ஆகவே கட்டைக்கரி என்பேன்

‘கரிக்கட்டை’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதே, அதையே வைக்கலாமா? இல்லையென்றால் ‘மூட்டக்கரி’? இராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, மூட்டம் போட்டு எடுப்பது இந்தக் கரிதான். அமெரிக்காவில் ‘மெஸ்கீட்’ என்று விற்கும் கரியின் மரமும் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய உறவு. சூடு அதிகம், பொறியும் அதிகம் பறக்கும்; இறைச்சியை விரைவாக வாட்ட ஏற்றது, மூடி போட்டுப் பல மணி நேரம் புகையூட்ட ஓக் கரி சாந்தமானது.

மடல் 4

‘கரிக்கட்டை’ என்றால் தீ விபத்துச் செய்திதான் முதலில் நினைவுக்கு வரும். உணவுப் பொருளுக்கு அது ஆகாது. ‘மூட்டக்கரி’ அழகான சொல், ஆனால் அது செய்முறையின் பெயர். செங்கல்லால் கட்டிய சூளையில் சுட்டாலும் அது ‘லம்ப்’தான், மூட்டத்தில் உதிரும் தூளோ அச்சுக்கரிக்குப் போகிறது. எனவே கட்டைக்கரிக்கே என் ஆதரவு.

இந்த ஒரு சொல் மட்டும் போதாது. மூட்டையைப் பிரித்ததும் வாங்கியவர் பார்ப்பவற்றுக்கும் பெயர் வேண்டும்.

முதலாவது, சரியாகக் கரியாகாத துண்டு. ஒன்றோடொன்று தட்டினால் நன்கு வெந்த கரி கணீரென்று ஒலிக்கும். இது மந்தமாக ஒலிக்கும், கனக்கும், உடைத்தால் உள்ளே பழுப்பாக இருக்கும். மரத்தின் ஆவிப்பொருள்கள் முழுதும் வெளியேறாததால் அடர்ந்த வெண்புகை விட்டு இறைச்சியில் கசப்பை ஏற்றும். இதற்குக் ‘குறைக்கொள்ளி’ என்ற பழஞ்சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். கையேட்டில் ‘குறைக்கொள்ளியைப் பொறுக்கி ஒதுக்குக’ என்று ஒரு வரி அவசியம். நேர்விளிம்பும் செங்கோணமுமாக வரும் துண்டுகள் வேறு வகை. அவை பலகைக் கழிவு. பசையோ வண்ணப்பூச்சோ பட்டிருக்கக்கூடும் என்பதால் உணவுக்கு வேண்டாம்.

இரண்டாவது, அளவுகள். மடக்கிய கையளவு உள்ளதைக் கட்டை என்றும், எலுமிச்சையளவைத் துண்டு என்றும், அதற்குக் கீழே சில்லு, தூள் என்றும் வகுக்கலாம். இது வெறும் பெயரடுக்கு இல்லை. கமாடோ போன்ற பீங்கான் அடுப்பில் கரியைத் தாங்கும் தட்டின் துளைகளைத் தூள் அடைத்துக்கொண்டால், கீழ்க் காற்றுவாயை முழுதும் திறந்தாலும் சூடு ஏறாது. கட்டைகளை அடியில் வைத்து, மேலே துண்டுகளைப் போட்டு, சில்லுகளை இடுக்கில் மட்டும் நிரப்ப வேண்டும். தூளைக் கொட்டவே கூடாது. மூட்டையில் கால் பங்குக்கு மேல் சில்லும் தூளுமாக இருந்தால் அடுத்த முறை வேறு கரி வாங்குவது மேல்.

புகையூட்ட 110–120 செல்சியஸ் போதும்: நடுவில் ஓரிடத்தில் மட்டும் பற்றவைத்து, 100 டிகிரியை நெருங்கும்போதே காற்றுவாய்களைச் சுருக்குக. ஏறிய சூட்டைப் பீங்கான் எளிதில் விடாது. வாட்டும்போது நல்ல தணலும் திறந்த காற்றுவாயும் வேண்டும். காற்றைச் சுருக்கி வைத்திருந்த அடுப்பின் மூடியைச் சட்டென்று திறந்தால் தீ முகத்தில் பாயும். முதலில் இரண்டு விரற்கிடை தூக்கிச் சற்று நேரம் காற்றை உள்ளே விட வேண்டும்.

மடல் 1இன் நண்பருக்கு ஒன்று: ‘கரியே புகைமணம் தரும்’ என்று வரைவில் இருந்தால் திருத்திவிடுங்கள். நன்கு வெந்த கட்டைக்கரியில் மணம் மிகக் குறைவு. தணல் மேல் வைக்கும் மூன்று நான்கு விறகுத் துண்டுகளிலிருந்தும் சொட்டும் கொழுப்பிலிருந்தும்தான் மணம் வருகிறது.

மடல் 5

அனைவருக்கும் நன்றி. கட்டைக்கரி, அச்சுக்கரி, குறைக்கொள்ளி, சில்லு ஆகியவற்றை ஏற்கிறேன். ‘ஸ்மோக்கிங்’குக்கு ‘புகைத்தல்’ என்று எழுதியிருந்ததையும் ‘புகையூட்டல்’ என்று மாற்றிவிட்டேன்; புகைத்தல் என்றால் சுருட்டுதான் நினைவுக்கு வருகிறது. சாம்பல் அடைப்பு பற்றிய பகுதிக்கு மட்டும் இன்னும் ஒரு சொல் வேண்டும்: கரியைத் தாங்கும் துளையிட்ட இரும்புத் தட்டுக்கு ‘கரித்தட்டு’ போதுமா, ‘தணல்தட்டு’ என்றால் தெளிவா?