எண்ணைக் குரலில் சொல்லும் ஆக்சிமீட்டர் தேவை – மதுரை

நானும் என் மனைவியும் முழுமையாகப் பார்வையற்றவர்கள். இந்த 2021 மே அலையில் இருவருக்கும் கொரோனா உறுதியாகி, மதுரையில் வீட்டுத் தனிமையில் இருக்கிறோம். எனக்குக் காய்ச்சல் தணிந்துவிட்டது. அவருக்கு இருமலும் களைப்பும் நீடிக்கின்றன. இரத்தத்தின் ஆக்சிஜன் அளவை ஆக்சிமீட்டர் கருவியில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், அது 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் உடனே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மூச்சுத்திணறல் தெரியாமலேயே அளவு இறங்கக்கூடிய நோய் இது என்பதால், உடல்நிலையை வைத்து ஊகிக்க எங்களுக்குத் துணிவில்லை.

எங்களிடம் இருப்பது விரல் நுனியில் மாட்டும், ஒற்றைப் பொத்தான் கொண்ட சாதாரண ஆக்சிமீட்டர். நாடி துடிக்கும்போது 'பீப்' ஒலி எழுப்புமே தவிர, எண்ணைச் சொல்லாது. ஆண்ட்ராய்டு போனில் எழுத்தை வாசிக்கும் செயலிகளிடம் காட்டினோம். துண்டுக் கோடுகளால் அமைந்த அந்த ஒளிரும் எண்களை அவை தவறாக வாசிக்கின்றன, சில நேரம் நாடித்துடிப்பின் எண்ணை மட்டும் சொல்கின்றன. ஆக்சிஜன் அளவு, நாடித்துடிப்பு இரண்டில் எது எது என்று தெரியாத வாசிப்பை நம்பி எப்படி முடிவெடுப்பது? திருச்சியிலுள்ள தங்கை வீடியோ அழைப்பில் பார்த்துச் சொல்கிறாள். பகலுக்கு அது போதும், நள்ளிரவில் அவளை எழுப்பிக்கொண்டே இருக்க முடியவில்லை. தொற்று இருப்பதால் அக்கம்பக்கத்தாரை உள்ளே அழைக்கவும் வழியில்லை. மருந்துக் கடைகளில் போனில் விசாரித்தபோது, பேசும் கருவியைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள்.

அளவைக் குரலில் சொல்லும் ஆக்சிமீட்டரோ, டாக்பேக்குடன் (ஆண்ட்ராய்டு போனின் திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் வசதி) ஒழுங்காக இயங்கும் செயலி உள்ள புளூடூத் ஆக்சிமீட்டரோ, ஊரடங்கு காலத்தில் மதுரையில் எங்கே கிடைக்கும்?