இறைச்சி உண்பவன் முரடனாவானா? சீனச் சிந்தனை மரபில் உணவும் குணமும்

ஏட்டுச்சுவடி எழுதியது:

சீனத் தத்துவத்தைப் பற்றித் தமிழில் எழுதுவோர் கன்பூசியஸின் அறத்தையும் லாவோட்சுவின் வழியையும் சொல்லி முடித்துவிட்டு, அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். மனிதனின் குணம் அவன் உண்ணும் பொருளால் உருவாகிறது என்ற எண்ணம் அந்த மரபின் நடுவிலேயே இருக்கிறது என்பது என் கட்சி. ஹுவாய்நான் அரசர் லியூ ஆன் தம் அவையிலிருந்த அறிஞர்களைக் கொண்டு தொகுப்பித்து, கி.மு. 139இல் ஹான் பேரரசர் வூவிடம் அளித்த 'ஹுவாய்நான்சி'யின் நான்காம் அதிகாரத்தில் ஒரு வரிசை வருகிறது. புல்லைத் தின்பவை நன்றாக ஓடும், ஆனால் அறிவற்றவை. இலையைத் தின்பவை நூல் நூற்றுப் பின் அந்துப்பூச்சியாகும். இறைச்சியைத் தின்பவை துணிவும் மூர்க்கமும் உள்ளவை. தானியம் உண்போர் அறிவாளிகள், ஆனால் அற்பாயுள் உள்ளவர்கள். 'சீ' எனப்படும் உயிர்மூச்சை உண்போர் தெளிந்த மனமும் நீண்ட ஆயுளும் பெறுவர். எதையுமே உண்ணாதவர் சாவதில்லை, அவர்கள் தெய்வங்கள். உணவையும் இயல்பையும் இவ்வளவு நேராக முடிச்சுப் போட்ட வேறொரு பழம்பனுவலை நான் படித்ததில்லை.

மருத்துவ நூலான 'ஹுவாங்தி நெய்ஜிங்' இதற்கு உடற்கூற்றையே சேர்த்துவிடுகிறது. புளிப்பு கல்லீரலுக்குப் போகும், கல்லீரல் கோபத்தின் இருப்பிடம். உப்பு சிறுநீரகத்துக்குப் போகும், அங்கே அச்சம் குடியிருக்கிறது. கி.மு. 684இல் லூ நாடு போருக்குப் புறப்பட்டபோது, "இறைச்சி உண்போர் மந்தமானவர்கள், அவர்களுக்குத் தொலைநோக்கு இல்லை" என்று சாவ் குவெய் என்பவர் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்க்கரை எழுதியது:

கடைசிச் சான்றிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது உங்கள் கட்சிக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. சாவ் குவெய் காலத்தில் 'இறைச்சி உண்போர்' என்பது பதவியில் இருந்தவர்களைக் குறிக்கும் வழக்கு. இறைச்சி அன்றாடம் கிடைத்தது அவர்களுக்குத்தான். அவர் பழித்தது அதிகாரிகளின் மந்த புத்தியை, அவர்கள் தட்டில் இருந்த ஆட்டுக்கறியை அன்று.

ஹுவாய்நான்சியின் வரிசையையும் சற்று நிதானமாகப் படியுங்கள். புல் தின்பது மான், இலை தின்பது பட்டுப்புழு, இறைச்சி தின்பது புலி. தானியம் உண்போர் என்ற ஒரே இடத்தில்தான் மனிதர்கள் வருகிறார்கள், அதிலும் மனித இனம் முழுவதும் ஒரே கூடையில் கிடக்கிறது. ஒருவன் சாந்தமாகவும் அவன் தம்பி சிடுமூஞ்சியாகவும் இருப்பது ஏன் என்று கேட்டால் அந்த வரிசையில் விடை இல்லை, இருவரும் ஒரே தினைச்சோற்றைத்தான் உண்கிறார்கள்.

அந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டவர் கன்பூசிய மரபின் தத்துவவாதி மென்சியஸ். நல்ல விளைச்சல் ஆண்டுகளில் இளைஞர்கள் சோம்பலாகவும் பஞ்ச ஆண்டுகளில் வன்முறையாளர்களாகவும் இருக்கிறார்கள், ஆனால் வானம் அவர்களுக்குத் தந்த இயல்பு வேறுபட்டதனால் அப்படி ஆகவில்லை என்கிறார். இன்னோரிடத்தில், பசித்தவனுக்கு எதுவும் இனிக்கும், அது பசியால் கெட்ட நாக்கு சொல்லும் சுவை என்று கூறிவிட்டு, பசியும் தாகமும் வாயையும் வயிற்றையும் மட்டுமா கெடுக்கின்றன, மனத்தையும் கெடுக்கின்றன அல்லவா என்று கேட்கிறார். அவர் கவலைப்படுவது சோறு இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி. எந்தச் சோறு என்பதைப் பற்றி அன்று.

பினாங்குவாசி எழுதியது:

நூல்களை நான் உங்களைப் போலப் படித்தவன் அல்லன். ஆனால் இங்கே பினாங்கில், ஒன்பதாம் சந்திர மாதத்தின் முதல் ஒன்பது நாட்களில், சீனர்கள் கொண்டாடும் ஒன்பது பேரரசர் தெய்வங்களின் திருவிழாவின்போது, கடைகளில் மஞ்சள் கொடி ஏறிவிடும், சைவ உணவு மட்டுமே கிடைக்கும். எங்கள் தெருமுனையில் மீஹூன் (அரிசி சேமியா) விற்கும் ஹொக்கியன் சீன ஆன்ட்டி அந்த நாட்களில் வெள்ளுடை உடுத்துவார், பூண்டையும் வெங்காயத்தையும் கடைக்குள்ளேயே விடமாட்டார். பூண்டு தின்றால் கோபம் வரும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. (அந்த ஒன்பது நாட்களிலும் அவர் வாடிக்கையாளர்களை வழக்கம்போலவே அதட்டுவார் என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்துவிடுகிறேன்.)

ஓராண்டு என் மனைவி பூண்டும் வெங்காயமும் போடாமல் சாம்பார் வைத்து அவருக்குக் கொடுத்தனுப்பினார். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, "பூண்டு இல்லையே?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, நின்றபடியே அரைக்கிண்ணம் குடித்தார். பெருங்காயமும் அந்த விலக்குப் பட்டியலில் உண்டு என்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

பினாங்கு நண்பரே, நீங்கள் சொன்னது இந்த விவாதத்துக்கு மிகவும் தேவையானது. சீன பௌத்தர்கள் பெரிதும் மதிக்கும் சூரங்கம சூத்திரம், பூண்டு, வெங்காயம் போன்ற ஐந்து காரப் பொருள்களைச் சமைத்து உண்டால் காமமும் பச்சையாக உண்டால் சினமும் பெருகும் என்கிறது. அந்த ஐந்தில் ஒன்றான பெருங்காயம் சீன மண்ணில் விளையாத பொருள் என்று உரைகாரர்களே குறித்திருக்கிறார்கள். கண்ணால் காணாத பொருளைக்கூடப் பட்டியலிலிருந்து நீக்காமல் காத்துவந்தார்கள் என்றால், பொருளுக்கே ஆற்றல் உண்டு என்ற நம்பிக்கை எவ்வளவு ஆழமானது என்று பாருங்கள்.

எதிர்க்கரைக்கு: சாவ் குவெய் சான்றைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் உயிர்மூச்சை உண்பதைப் பற்றிய வரி வெறும் வகைப்பாடு அன்று. கி.மு. 168இல் மூடப்பட்ட மாவாங்துய் மூன்றாம் கல்லறையை 1973இல் அகழ்ந்தபோது, தானியத்தை விலக்கி உயிர்மூச்சை உண்ணும் முறையைச் சொல்லும் பட்டுச்சுவடி கிடைத்தது. ஹுவாய்நான்சி அரசவைக்குப் போவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, மனிதர்கள் உணவை மாற்றித் தம்மையே மாற்றிக்கொள்ள முயன்றிருக்கிறார்கள்.

சோ சுவான் என்னும் வரலாற்று நூலில், கி.மு. 522இல் அமைச்சர் யான் யிங் தன் அரசனிடம் சொன்னதையும் தள்ளிவிட முடியாது. நீர், நெருப்பு, புளிக்காடி, உப்பு, பிளம் ஆகியவற்றைக் கொண்டு மீனைச் சமைக்கும்போது சமையற்காரன் குறைந்ததைக் கூட்டி, மிகுந்ததைத் தணிக்கிறான். மேன்மகன் அதை உண்டு தன் மனத்தைச் சமனாக்கிக்கொள்கிறான் என்கிறார்.

எதிர்க்கரை எழுதியது:

யான் யிங் அங்கே பேசுவது அரசியல். தன் பேச்சுக்கெல்லாம் தலையாட்டும் ஓர் அமைச்சனை அரசன் 'என்னோடு இசைந்து போகிறான்' என்று புகழ்ந்தபோது, அது இசைவு அன்று, வெறும் ஒப்புதல் என்று காட்டத்தான் குழம்பை உவமையாக்கினார். தண்ணீரோடு தண்ணீரையே கலந்து சுவை சேர்க்க நினைத்தால் அதை யார் குடிப்பார் என்றும் கேட்டார்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

உவமை என்பதை ஏற்கிறேன். ஆனால் குழம்பு மனத்தைச் சமனாக்கும் என்று அரசன் முன்பே நம்பியிருந்தால்தான் அந்த உவமை அவன் காதில் ஏறும். கேட்பவனுக்குத் தெரிந்ததை வைத்துத்தானே தெரியாததைச் சொல்ல முடியும்?

எதிர்க்கரை எழுதியது:

இது நல்ல அடி, வாங்கிக்கொள்கிறேன். எனினும் பொதுமக்களின் நம்பிக்கையும் தத்துவவாதியின் நிலைப்பாடும் ஒன்றல்ல என்பதற்கு, லாவோட்சுவின் வழியில் வந்த 'சுவாங்சி' நூலின் நான்காம் அதிகாரம் போதும். கொடுங்கோல் மன்னன் ஒருவனைத் திருத்தப் புறப்படும் தம் மாணவன் யான் ஹுய்யிடம், முதலில் நோன்பிரு என்கிறார் அந்நூலில் வரும் கன்பூசியஸ். "என் குடும்பம் ஏழைக் குடும்பம், மதுவும் கறியும் தொட்டுப் பல மாதங்கள் ஆகின்றன, இது நோன்பாகாதா?" என்று யான் ஹுய் கேட்கிறான். அது வேள்விக்கான நோன்பு, மனத்தின் நோன்பு அன்று என்பது விடை. பல மாதங்கள் சைவமாக இருந்தும் அவன் மனம் ஓர் அங்குலமும் நகரவில்லை என்பதல்லவா அதன் பொருள்? கி.பி. முதல் நூற்றாண்டில் வாங் சோங் என்னும் சிந்தனையாளர் இன்னும் கடுமையாகப் போகிறார்: மனிதன் பிறக்கும்போதே மெல்வதற்குப் பல்லோடும் கழிப்பதற்குத் துளையோடும் படைக்கப்பட்டிருக்கிறான், அவன் காற்றைத் தின்று பறப்பான் என்பது பிதற்றல் என்கிறார்.

மென்சியஸின் தாயைப் பற்றி ஹான் காலத்துக் கதை ஒன்றும் உண்டு. பக்கத்து வீட்டில் பன்றியை அறுப்பது எதற்கு என்று சிறுவன் கேட்க, "உனக்குத் தின்னக் கொடுக்க" என்று தாய் வாய்தவறிச் சொல்லிவிடுகிறார். பிறகு, பொய் பேசக் கற்றுக்கொடுத்தவள் ஆகிவிடுவேனே என்று வருந்தி, அந்தப் பன்றிக்கறியைக் காசு கொடுத்து வாங்கி வந்து மகனுக்கு ஊட்டுகிறார். அங்கே குணத்தை வளர்த்தது தாய் காப்பாற்றிய சொல். கறிக்கு அதில் பங்கில்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

கதையின் நடுவிலுள்ள ஒரு வரியை விட்டுவிட்டீர்கள். அந்தத் தாய் வருந்தும்போது, "இவனைக் கருவில் சுமந்தபோது கோணலாக வெட்டிய கறியை நான் உண்டதில்லை, கருவிலேயே இவனுக்குக் கற்பித்தேன்" என்றுதான் தொடங்குகிறார்.

எதிர்க்கரை எழுதியது:

அந்த வரி எனக்குத்தான் துணை. நேராக வெட்டிய துண்டும் கோணலாக வெட்டிய துண்டும் ஒரே பன்றியின் கறி. வயிற்றுக்குள் போனபின் இரண்டும் ஒன்றே. அது தாயின் ஒழுங்கு, கறியின் தன்மை அன்று.

ஏட்டுச்சுவடி எழுதியது:

அப்படியானால் ஹான் காலத்து அறிஞர் லியூ சியாங் தொகுத்த மகளிர் வரலாறுகளில், பழங்காலத்து வென் மன்னனின் தாயைப் பற்றிய பகுதியையும் பாருங்கள். முற்காலத்தில் கருவுற்ற பெண் எதை விலக்கினாள் என்று அங்கே ஒரு பட்டியல் வருகிறது. கோணலாக வெட்டியதை உண்ணமாட்டாள் என்பதற்கு ஒட்டி முன்னால், தகாத சுவையுள்ளதை உண்ணமாட்டாள் என்று இருக்கிறது. பின்னால், கோணலாக விரித்த பாயில் அமரமாட்டாள் என்று இருக்கிறது. சுவை, வெட்டு, பாய் மூன்றும் ஒரே மூச்சில் வருகின்றன. பொருளா, ஒழுங்கா என்று நாம் இங்கே போட்டுக்கொண்டிருக்கும் கோட்டை அதை எழுதியவர் போடவே இல்லை.