புதுப்பிப்பு: ஒரு கால் ஷூ மட்டும் ஏன் தளர்ந்தது?

ஆம்பூரில் நாங்கள் தைத்த ஜோடியில் வலது ஷூ மட்டும் பத்தே நாளில் நீளவாக்கில் நீண்டு தளர்ந்துவிட்டது, தோல் ஒன்றுதானே, ஏன் என்று போன வாரம் கேட்டிருந்தேன். காரணம் வெட்டிய திசை.

தோலில் கொலாஜன் (தோலுக்கு வலு தரும் புரதம்) நார்கள் பெரும்பாலும் முதுகெலும்பு ஓடும் வாக்கில் படுத்திருக்கும். அந்த வாக்கில் இழுத்தால் விறைப்பாக நிற்கும், குறுக்கே இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும். வயிற்றுப் பக்கம் நார்ப் பின்னலே தளர்வு, எந்த வாக்கிலும் நம்ப முடியாது. வலது ஷூவின் மேல்பகுதித் தோலை மிச்சத் துண்டில் குறுக்காக வெட்டியிருக்கிறோம். தோலை மிச்சம் பிடிக்கப் போய் நல்ல ஜோடி வீணானது, இன்னும் மனசு ஆறவில்லை.

"கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் இழுத்துப் பாருப்பா" என்றார் கட்டிங் மாஸ்டர் அண்ணன். இறுக்கமான வாக்கு விரல் நுனியிலிருந்து குதிகாலுக்கு ஓடும்படி வைத்துப் புது ஜோடி வெட்டியாயிற்று. நாளை லாஸ்ட்டில் (ஷூவுக்கு வடிவம் தரும் கால் அச்சில்) ஏற்றுகிறோம்.