ஆள் இல்லாத வீட்டிலும் மீட்டர் ஓடுகிறது, எர்த் விளக்கும் எரிகிறது. என்ன காரணம்?

கேள்வி:
வணக்கம். திருச்சியில் எங்கள் வீடு. கீழே அப்பா அம்மா, மாடியில் ஒரு குடும்பம் வாடகைக்கு. இரண்டுக்கும் தனித்தனி சிங்கிள் ஃபேஸ் சர்வீஸ். கீழ் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 220 யூனிட் தாண்டாது, இந்த முறை 410. பெரியவர்கள் ஊருக்குப் போயிருந்தபோது ஃபிரிட்ஜ் பிளக்கைக்கூட உருவிவிட்டுப் பார்த்தேன், மீட்டரின் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது, பக்கத்தில் 'எர்த்' என்று போட்ட விளக்கும் அணையவில்லை. மீட்டரை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்கவா?

பதில் 1:
ஹீட்டரோ மோட்டாரோ எர்த்தில் லீக் ஆகலாம். எம்சிபி (ஒவ்வொரு லைனையும் தனியாக வெட்டும் சின்ன சுவிட்ச்) ஒவ்வொன்றாக இறக்கிப் பாருங்கள், எதை இறக்கும்போது விளக்கு அணைகிறதோ அந்த லைன்தான்.

கேட்டவர்:
எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டேன் அண்ணா, அப்போதும் மினுக்குகிறது. மெயின் சுவிட்சை ஆஃப் செய்தால்தான் நிற்கிறது.

பதில் 2:
தம்பி, அப்படியானால் மீட்டரில் பழுது இல்லை. எம்சிபி ஃபேஸை, அதாவது கரண்ட் வரும் வயரை மட்டும்தான் வெட்டும், இரட்டை போல் மெயின் சுவிட்ச் நியூட்ரலையும், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயரையும் சேர்த்து வெட்டும். அதாவது உங்கள் நியூட்ரலில் வேறு யாருடைய கரண்டோ திரும்பி வருகிறது. இப்போதுள்ள மீட்டர்கள் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் அளந்து, எது அதிகமோ அதைக் கணக்கில் ஏற்றும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எர்த் விளக்கு எரியும். மாடியில் 1500 வாட் ஏசி ஓடி, அதன் நியூட்ரல் கரண்டில் பாதி உங்கள் பக்கம் வந்தால் உங்கள் மீட்டரில் 750 வாட் விழும். 3200 இம்பல்ஸ் மீட்டர் (ஒரு யூனிட்டுக்கு 3200 தடவை மினுக்குவது) என்றால் நிமிடத்துக்கு 40 தடவை மினுக்கும், எண்ணிப் பாருங்கள். மாடி மீட்டரிலோ ஃபேஸ் கணக்கில் முழு 1500 வாட்டும் ஏறும், ஆக ஒரே கரண்டுக்கு இரண்டு வீட்டிலும் காசு. சமீபத்தில் பொதுவாக ஏதாவது வயரிங் செய்தீர்களா, மாடிப்படி லைட் மாதிரி?

கேட்டவர்:
ஆமாம், சித்திரையில் படிக்கட்டுக்கு டூ வே சுவிட்ச் போட்டோம், அதே மாதம்தான் மாடியில் ஏசியும் வந்தது! 38, 39 தடவை எண்ணினேன்.

பதில் 2:
அங்கேதான் இருக்கும். எலக்ட்ரீஷியனை வைத்து, இரண்டு வீட்டு மெயினையும் ஆஃப் செய்தபிறகே திறக்கச் சொல்லுங்கள். கீழே மட்டும் ஆஃப் செய்தால் அந்த நியூட்ரலில் மாடி கரண்ட் இருக்கும், ஆளைத் தூக்கிப் போட்டுவிடும். மீட்டர் சீலைத் தொடவே வேண்டாம், அதுவரை உள்ளது ஈ.பி.க்குச் சொந்தம்.

கேட்டவர்:
கண்டுபிடித்தாயிற்று. மாடிப்படி சுவிட்ச் பெட்டிக்குள் இரண்டு கறுப்பு வயரை ஒன்றாக முறுக்கி, ஒரே டேப்பைச் சுற்றி வைத்திருந்தார்கள். ஒன்று கீழ் வீட்டு நியூட்ரல், இன்னொன்று மேல் வீட்டு நியூட்ரல். மாடி வயரைத் தனியாகப் பிரித்து, படிக்கட்டு லைட்டுக்கு ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் கீழ் வீட்டிலிருந்தே கொடுத்தாயிற்று. மாடியில் ஏசி ஓடும்போதே மீட்டர் முன் நின்று பார்த்தேன், எர்த் விளக்கு அணைந்துவிட்டது. ரொம்ப நன்றி அண்ணா.

பதில் 1:
சந்தோஷம் தம்பி. கையோடு இரண்டு வீட்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (ஃபேஸ், நியூட்ரல் கரண்ட் ஒத்துப்போகாவிட்டால் தானாக ஆஃப் ஆகும் சுவிட்ச்) போட்டுவிடுங்கள். முன்பே இருந்திருந்தால் ஏசி போட்ட அன்றே டிரிப் ஆகிக் காட்டிக்கொடுத்திருக்கும்.