ஹிட்ஸ் லட்சம், யூசர் சில ஆயிரம்: எதை நம்புவது?

மாடித்தோட்டம்:
வணக்கம். மாடித்தோட்டம் பற்றித் தமிழில் ஒரு தளம் நடத்துகிறேன். ஹோஸ்டிங்கில் இருக்கும் ஏடபிள்யூஸ்டாட்ஸ் (சர்வர் பதிவை வைத்து வருகையை எண்ணும் கருவி) மாதம் லட்சத்துக்கு மேல் ஹிட்ஸ் காட்டுகிறது, கூகுள் அனலிடிக்ஸில் பார்த்தால் சில ஆயிரம் பேர்தான். விதைக்கடைக்காரர் ஒருவர் விளம்பரம் தருகிறேன், எவ்வளவு பேர் வருகிறார்கள், அலெக்சா ரேங்க் (வருகையை வைத்துத் தளங்களை வரிசைப்படுத்தும் எண்) என்ன என்று கேட்கிறார். எதைச் சொல்வது?

சர்வர்க்காரன்:
ஹிட்ஸைச் சொல்லவே சொல்லாதீர்கள். ஒரு பக்கத்தைத் திறந்தால் அதிலுள்ள ஒவ்வொரு படமும் ஸ்கிரிப்டும் தனித்தனி ஹிட், பத்துப் படம் போட்ட பதிவை ஒரே ஆள் படித்தாலும் பத்துக்கு மேல் ஏறிவிடும். போதாததற்கு மனிதர் மாதிரி வேஷம் போட்டு வரும் பாட்களும் (தானாக ஓடும் நிரல்கள்) அந்தக் கணக்கில் சேரும். அனலிடிக்ஸ் பிரவுசரில் ஓடுவதால் அவற்றில் பெரும்பகுதி விழாது, ஆனால் விளம்பரத் தடுப்பான் வைத்திருக்கும் உண்மையான வாசகர்களும் விடுபடுவார்கள். ஒரே ஆள் போனிலும் கணினியிலும் வந்தால் இரண்டு யூசர். ஆக அதுவும் துல்லியம் இல்லை, இருந்தாலும் கடைக்காரருக்கு நேர்மையாகச் சொல்லக்கூடியது அந்த எண்தான். அலெக்சா ரேங்கை அமேசான் 2022 மே மாதமே மூடிவிட்டது.

கீரைப்பாத்தி:
மேலே சொன்னது சரி, ஆனால் எத்தனை பேர் என்பதோடு நின்றுவிடாதீர்கள், எதைத் தேடி வந்தார்கள் என்பதுதான் தளம் நடத்துபவருக்குச் சோறு போடும். கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலைத் திறந்து பாருங்கள். "வெண்டை இலை மஞ்சள்" போன்ற தேடலில் உங்கள் பக்கம் பலமுறை கண்ணில் பட்டும் யாரும் கிளிக் செய்யவில்லை என்றால் முதலில் தலைப்பை மாற்றிப் பாருங்கள். அதில் 16 மாதத் தரவு இருக்கும், அதனால் இந்த ஆடியைப் போன ஆடியோடுதான் ஒப்பிட வேண்டும். ஆடிப்பட்டத்தில் ஏறியதை மாசியோடு ஒப்பிட்டுக் கூட்டம் போய்விட்டதே என்று கவலைப்படுவதில் அர்த்தமே இல்லை.

அப்புறம், விளம்பர இணைப்பில் யுடிஎம் குறி (எங்கிருந்து வந்தார்கள் என்று காட்ட முகவரியோடு ஒட்டும் துண்டு) சேர்த்துக் கொடுங்கள், உங்களிடமிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று கடைக்காரர் தன் அனலிடிக்ஸிலேயே பார்த்துக்கொள்வார். வாட்ஸ்அப்பில் பகிரும் இணைப்புக்கும் சேருங்கள், இல்லாவிட்டால் அதெல்லாம் பெரும்பாலும் எங்கிருந்து வந்தது என்று தெரியாத 'டைரக்ட்' கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும்.

மாடித்தோட்டம்:
ரொம்ப நன்றி. போன ஆடியை அனலிடிக்ஸின் எக்ஸ்ப்ளோர் பகுதியில் தேடினேன், ஒன்றும் வரவில்லையே?

சர்வர்க்காரன்:
அங்கே தரவு வைத்திருக்கும் காலம் இயல்பாக 2 மாதம்தான். அட்மின் பகுதியில் 14 ஆக மாற்றிவிடுங்கள். அழிந்தது திரும்ப வராது, ஆனால் வழக்கமான ரிப்போர்ட்டுகளை இந்தக் கால வரம்பு பாதிக்காது, போன ஆடியை அந்த ரிப்போர்ட்டுகளில் பாருங்கள்.