லெவிட்டவுன் 1957: பழைய நாளிதழ்கள் பார்க்க உதவி வேண்டும்

பென்சில்வேனியா பக்கம் இருக்கும் நண்பர்களுக்கு வணக்கம். பக்ஸ் கவுன்ட்டியின் லெவிட்டவுனில் 1957-இல் நடந்ததைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 17,000-க்கும் மேல் வீடுகள் கட்டி வெள்ளையருக்கு மட்டுமே விற்ற ஊர் அது. அந்த ஆகஸ்டில் வில்லியம், டெய்ஸி மையர்ஸ் என்ற கறுப்பினத் தம்பதி கைக்குழந்தையோடு குடிவந்ததும் வாசலில் கூட்டம் திரண்டது. கல்லெறிந்து ஜன்னல் கண்ணாடியை உடைத்தார்கள். ஆளுநர் ஜார்ஜ் லீடர் மாநிலப் போலீசை அனுப்ப வேண்டியதாயிற்று.

பக்கத்து வீட்டு வெக்ஸ்லர் தம்பதி அவர்களுக்குத் துணை நின்றார்கள். கலவரத்தைவிட எனக்கு அதுதான் முக்கியம்.

அந்த ஆகஸ்ட், செப்டம்பர் உள்ளூர் நாளிதழ்களின் மைக்ரோஃபிலிம் எந்த நூலகத்தில் பார்க்கலாம்? வெளியூரிலிருந்து கேட்டால் நகல் அனுப்புவார்களா? குறிப்பாக, வாசகர் கடிதப் பக்கங்கள் வேண்டும். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.